பிக் மெட்ச்சை ஆரம்பித்த வாத்தியார்

ஒவ்வொரு மார்ச் மாதமும் காலி வீதியில கொடி கட்டின வாகனங்கள் ஓடும், பப்பரே பேண்ட் சத்தம் கேட்கும். ரோயல்-தோமியன் பிக் மெட்ச் வந்திட்டுது என்று அர்த்தம். வெள்ளவத்தையில பஸ்ஸுக்கு நிற்கிற நாங்கள் வேடிக்கை பார்ப்போம். எங்களில் ஒருத்தரும் அந்த ரெண்டு பள்ளிக்கூடத்திலும் படிக்கேல்ல. "அது அவங்கட மெட்ச், எங்களுக்கென்ன" என்றுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தம். அந்த மெட்ச்சை ஆரம்பிச்ச ஆளைப் பற்றி வாசிக்கப் போனால், கதை கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்குது.

ஆளின் பெயர் அஷ்லி வோக்கர். 1844இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரத்தில் பிறந்தவர். 1860களில் கேம்பிரிஜ் பல்கலைக்கழக அணிக்கும் யோர்க்ஷயர் அணிக்கும் விளையாடினார். அந்தக் காலத்தில் டெஸ்ட் போட்டி என்ற ஒன்றே கிடையாது. முதலாவது டெஸ்ட் நடந்தது 1877இல்தான். இங்கிலாந்திலேயே இருந்திருந்தால், யோர்க்ஷயரின் பழைய பட்டியலில் ஒரு பெயராக மட்டும் மிஞ்சியிருப்பார். ஆனால் 1876இல் அவர் கொழும்பு அக்கடமிக்கு உதவி அதிபராக வந்தார். இன்றைய ரோயல் கல்லூரிதான் அது. 1881இல்தான் அந்தப் பெயர் வந்தது.

கிரிக்கெட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் வோக்கர் இல்லை. 1832லேயே கொழும்பில் ஒரு கிரிக்கெட் கழகம் வேணும் என்று 'கொழும்பு ஜேர்னல்' பத்திரிகை எழுதியிருக்கிறது. அதே வருடம் 97ஆவது படைப்பிரிவுச் சிப்பாய்கள் விளையாடியும் இருக்கிறார்கள். அதுக்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அது பெரும்பாலும் சிப்பாய்களும் அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் விளையாடுகிற விளையாட்டாகவே இருந்தது. உத்தியோகம் முடிய கப்பல் ஏறிப் போகிறவர்களின் விளையாட்டு ஊரில் எப்படி வேர் விடும்? வோக்கர் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். இங்கேயே பிறந்து, இங்கேயே வாழப்போகிற பெடியன்களின் கையில் மட்டையைக் கொடுத்தார்.

1879இல் அவர் முன்நின்று நடத்திய போட்டி, கொழும்பு அக்கடமிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையில் நடந்தது. இடம் காலிமுகத்திடல், இப்போது தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்கிற பக்கம். பேரை வாவியில் வள்ளம் வலிச்சுக்கொண்டு ஆட வந்தார்கள் என்று இன்றைக்கும் கதை சொல்லுவார்கள். அந்த மெட்ச்சில் மாணவர்களோடு ஆசிரியர்களும் ஒரே அணியில் ஆடினார்கள். அடுத்த வருடம் ஆசிரியர்களை விட்டுவிட்டார்கள். அதனால் பிக் மெட்ச் கணக்கு 1880இல் இருந்துதான் தொடங்குது. வோக்கர் ஆடின மெட்ச் அந்தக் கணக்கிலேயே இல்லை!

எங்களை நிமிர வைத்த விஷயம் வேற. சென் தோமஸ் என்றால் எல்லாருக்கும் கல்கிசைதான் ஞாபகம் வரும். ஆனால் 1851இல் தொடங்கி 1918 வரை அந்தக் கல்லூரி இருந்தது முகத்துவாரத்தில். கொட்டாஞ்சேனையில் இருந்து நடந்தே போகலாம். அங்கே படிச்சவர்களில் ஒருவர் பாக்கியசோதி சரவணமுத்து. பிறகு இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதலாவது தலைவராக வந்தவர். பொரளையில் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அவருடைய பெயரில்தான் இருக்கிறது: பி. சரா ஓவல். 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கை தன்னுடைய முதலாவது டெஸ்ட்டை ஆடத் தொடங்கியது அங்கேதான். எதிரணி, வோக்கரின் இங்கிலாந்து.

"பார்த்தியா, தமிழாக்கள் அப்பவே இருந்திருக்கினம்" என்று சொல்லிப் பெருமைப்பட்டுக் கட்டுரையை முடிக்கலாம். எங்களுக்கு அது போதாது. வோக்கர் திறந்த கதவு ஆங்கிலம் படிச்ச வீடுகளுக்குத்தான் திறந்தது. தமிழரோ, சிங்களவரோ, பறங்கியரோ, கட்டணம் கட்டக்கூடியவர்களின் பிள்ளைகள் உள்ளே போனார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகன் அந்த மதிலுக்கு வெளியேதான் நின்றான். இன்றைக்கும் லெதர் போல், பேட், ஷூ, பயிற்சிக் காசு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த மதில் முழுசா இடியேல்ல.

ஆனாலும் விளையாட்டு மதிலைத் தாண்டி வந்திட்டுது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் டெனிஸ் போலும், விக்கெட்டுக்குப் பதிலா ஒரு கதிரையும் போதும். வெள்ளவத்தையில மதிலுக்கு மேலால அடிச்சா அவுட். இந்தச் சட்டங்களை எந்த வோக்கரும் எழுதேல்ல. யார் எப்ப எழுதினது என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

வோக்கர் 1927இல் இங்கிலாந்தில் இறந்தார். அவர் தொடங்கின பாதிக் கதைக்கு ஓட்டக் கணக்கு இருக்கு, படம் இருக்கு, வருடாவருடம் மலர் இருக்கு. மற்றப் பாதி எங்கட அப்பாமார், தாத்தாமார், மாமாமாரின் வாயில மட்டும்தான் இருக்கு. அவர்கள் எந்த ஒழுங்கையில, எந்தப் பந்தால, யாரோட விளையாடினார்கள் என்று இந்தக் கிழமை ஒருக்கா கேட்டுப் பாருங்க. கேட்டதை எழுதி வையுங்க, எங்களுக்கும் அனுப்புங்க. சேர்த்துப் போடுவம்.