விளக்கெரிப்பும் மின்திறனும்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர், இலுப்பை மரத்தால் பெயர் பெற்றமை அப்பெயரமைப்பாலேயே விளங்கும். இலுப்பெண்ணெய் தமிழகத்துக் கோயில் விளக்குகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டது. எண்ணெயாயினும் நெய்யாயினும் விளக்கெரிப்புக்கு அளவு விதித்தல் பண்டை வழக்கு. மின்விளக்கு வந்தபின் அளக்கும் முறை மாறிற்று; அளவின் கருத்து மாறவில்லை என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், திருவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை முதலாக விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்குமாறு விதிக்கின்றன. உழக்கு என்பது செலவு. நாள்தோறும் உழக்கு என்பது செலவின் வீதம். ஆற்றல் செலவாகும் வீதத்தையே இன்று திறன் என்கிறோம்.

மின்விளக்கில் இதனை அழுத்தம், ஓட்டம் என்னும் இரண்டின் அளவால் அறியலாம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பின் தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கின் திறன் கிடைக்கும். ஓம் என்னும் செருமானிய அறிஞரின் 1827-ஆம் ஆண்டு நூல் முன்னதற்கும், மின்னோட்ட வெப்பம் பற்றிய ஜூலின் 1841-ஆம் ஆண்டு ஆய்வு பின்னதற்கும் அடிகோலின.

230 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் கொள்ளும் இழைவிளக்கின் தடை 460 ஓம். திறன் 115 வாட். இத்தடை எரியும் நிலைக்கே உரியது. குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. இவ்விளக்கு இரவும் பகலும் எரியின் நாளொன்றுக்கு 2.76 யூனிட் செலவாகும்.

ஆற்றல், திறன் என்னும் சொற்களை வேறுபாடின்றி ஆள்வார் உளர். 2.76 யூனிட் ஆற்றல். 115 வாட் திறன். கல்வெட்டில் 'நாள்தோறும்' என்பதை நீக்கின் அறமே பொருளிழக்கும், கலைச்சொல்லாட்சிக்கும் அஃதொக்கும்.