கொழுக்கிப்புழுச் சோதனையும் மாதிரிப் பருமனும்: மலையகம் தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைகளின் தெற்குச் சாரலில் ஹுன்னஸ்கிரிய அமைந்துள்ளது. அம்மலைகளுக்கு மேற்கேயுள்ள மாத்தளையிலேயே, ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன், இலங்கையின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் தொடங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரே முதலிற் சோதிக்கப்பட்டனர். அச்சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்ற வினாவே இங்கு ஆராயப்படுகிறது.

மலத்தின் சிறு துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, நுணுக்குக்காட்டியில் முட்டைகளைத் தேடுவதே அக்காலத்தின் எளிய முறை. முட்டை காணப்படின் தொற்று உறுதி. காணப்படாமை தொற்றின்மைக்குச் சான்றாகாது. புழுக்கள் சிலவேயாயின் அத்துளியில் முட்டை அகப்படாமற் போகலாம். இக்குறையை எதிர்கொள்ளவே 1921இல் வில்லிசின் மிதப்பு முறையும் 1923இல் ஸ்டோலின் முட்டை எண்ணும் முறையும் வெளிவந்தன.

நோயுற்றோரைச் சரியாக இனங்காண்பது உணர்திறன். நோயற்றோரைச் சரியாக விலக்குவது தனித்தன்மை. யெருஷல்மி 1947இல் இவ்வளவைகளை மருத்துவ ஆய்விற் புகுத்தினார். இவற்றை மதிப்பிட எத்தனை பேர் வேண்டுமென்பதைக் கணிக்கும் முறையை 1996இல் புடெரர் விளக்கினார். எதிர்பார்க்கும் உணர்திறன் 90 சதவீதம், ஏற்கத்தக்க பிழை இருபுறமும் 5 சதவீதம், நம்பிக்கை மட்டம் 95 சதவீதம் எனக் கொள்வோம். நோயுற்றோர் மட்டும் 139 பேர் தேவை. பத்தில் ஒன்பது பேர் நோயுற்ற தோட்டத்தில் 154 பேரைச் சோதித்தால் அத்தொகை கிட்டும். பத்தில் ஒருவரே நோயுற்றிருப்பின் 1383 பேர் வேண்டும். தனித்தன்மைக்கு இக்கணக்கு தலைகீழாகும்.

இதன் வரலாற்றுப் பொருள் நோக்கற்பாலது. சிகிச்சையின் பின் நோயுற்றோர் தொகையும் குறைகிறது. எஞ்சியோரின் புழுச் சுமையும் குறைகிறது. ஆகவே மாதிரி பெருக வேண்டிய அக்கட்டத்திலேயே சோதனையின் உணர்திறனும் தாழ்கிறது. கடுந்தொற்றுடையோரிடம் பெற்ற உணர்திறனை இலேசான தொற்றுக்கும் பொருத்துதல் தவறு. சிறு மாதிரியில் முட்டை காணாது "நோய் நீங்கிற்று" என்று முடிவுசெய்யின், மலசலகூடமும் தூய நீரும் அமைக்கும் கடமை தள்ளிப்போடப்படும். வெறுங்காலுடன் அதே மண்ணை மிதிப்பவருக்கு மறுதொற்று மீண்டும் வரும். அதன் பின் பழியும் அவர் "பழக்கவழக்கங்கள்" மீதே சுமத்தப்படும்.

ஆகவே மாதிரிப் பருமன் வெறும் கணிதப் பிரச்சினையன்று. யாரை எண்ணினோம், எத்தனை பேரை எண்ணினோம் என்பது, உழைப்போரின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு என்னும் வினாவோடு பிணைந்துள்ளது.