மனித விருத்திக் கற்கை: ஒரு தெரிவின் வரலாறு

கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டு முடிவுறும் வேளையிற் சிறப்புத்துறை எதுவென்ற வினா எழுகின்றது. துறைகள் யாவும் முன்னரே வகுக்கப்பட்டுவிட்டன, அவற்றுள் ஒன்றிற் புகுவதே நம் வேலை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். மனித விருத்திக் கற்கையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1930களிலே தோன்றியது பிள்ளை விருத்திக் குழுவேயாகும். அன்றைய ஆய்வுகளிற் பெரும்பாலானவை கட்டிளமைப் பருவத்தோடு நின்றுவிட்டன. வளர்ந்தோர் வளர்ந்து முடிந்தோர் என்பது போல! 1940இல் அது மனித விருத்திக் குழுவெனப் பெயர் மாறிற்று.

அக்குழுவின் மாணவியாயிருந்தவர் பேர்னிஸ் நியூகார்ட்டன். 1936இல் ஆங்கில, பிரெஞ்சு இலக்கியங்களிற் கலைமாணியானவர். மறு ஆண்டில் கல்வி உளவியலில் முதுமாணியானவர். இன்றைய நம் அளவுகோலின்படி இது தடம்புரண்ட பயணம் எனலாம். 1943இல், பெயர் மாறிய அத்துறையின் முதலாவது கலாநிதிப் பட்டத்தை அவரே பெற்றார். எனினும் அவர் ஆராய்ந்தது பாடசாலைப் பிள்ளைகளின் நட்பும் சமூக வகுப்பும் பற்றியே.

முதுமை அவரது துறையானது பின்னரேயாகும். 1950களிற் சிக்காகோவில் வளர்ந்தோர் விருத்தி, முதுமை ஆகியன பற்றிய பாடநெறியைக் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கற்பித்தற்கு நூல்கள் போதாமையால் ஆய்வுகளையும் அவரே நடத்த வேண்டியதாயிற்று. 1968இல் நடுவயதும் முதுமையும் பற்றிய பெருந்தொகுப்பொன்றை வெளியிட்டார். 1974இல், முதியோர் யாவரையும் ஒரே கூட்டமாகக் கொள்ளலாகாதென வாதிட்டு, ஏறத்தாழ 55 முதல் 75 வயது வரையானோரை ‘இளமுதியோர்’ என வேறுபடுத்தினார்.

1980இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, மனித விருத்தியையும் சமூகக் கொள்கையையும் இணைத்த புதிய கலாநிதிக் கற்கைநெறியை ஆரம்பித்தார். அப்போது இளமுதியோருள் அவரும் ஒருவர், வயது 64.