கதிர்மூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பர். கதிர்மூலம் தேடியவர்களோ அதற்கென ஒரு நூற்றாண்டைச் செலவிட்டிருக்கிறார்கள்.

1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் உயரப் பறந்து, விண்ணிலிருந்து ஊடுருவும் கதிர்கள் பொழிவதைக் கண்டார். அண்டக்கதிர் எனப் பெயர்பெற்ற இவற்றில் பெரும்பகுதி புரோட்டான்கள். வெடித்துச் சிதறும் விண்மீன்களாகிய சூப்பர்நோவாக்களே இவற்றின் பிறப்பிடம் என்று 1934இல் பாடேயும் ஸ்விக்கியும் கருதினர். மெய்ப்பிப்பதுதான் அரிதாயிற்று. மின்னூட்டமுடைய புரோட்டானை விண்வெளியின் காந்தப்புலங்கள் அலைக்கழிப்பதால், அது வந்த திசை மறைந்துவிடுகிறது. காமாக் கதிர் அப்படியன்று. பிறந்த இடத்திலிருந்து நேராக வருவது. நமீபியாவில் ஹெஸ்ஸின் பெயர் தாங்கிய தொலைநோக்கிகள், ஒரு சூப்பர்நோவா எச்சத்தின் கூட்டு வடிவத்தையே காமாக் கதிரில் படம்பிடித்தன. அம்முடிவு 2004இல் வெளியாயிற்று. ஆயினும் ஐயம் தீரவில்லை. விரைந்தோடும் எலெக்ட்ரான்களும் வலுக்குறைந்த ஒளித்துகள்களை மோதிக் காமாக் கதிராக்க வல்லவை. அக்கதிரின் தாய் புரோட்டானா, எலெக்ட்ரானா?

இவ்வழக்கில் சாட்சி, பயான் என்னும் அற்பாயுள் துகள். புரோட்டான் வாயு அணுக்களில் மோதினால் பயான்கள் பிறக்கும். மின்னூட்டமற்ற பயான் உடனே இரண்டு காமாக் கதிர்களாகும். மின்னூட்டமுள்ள பயான் சிதைகையில் மியூவானும் நியூட்ரினோவும் தோன்றும்.

இந்த இரண்டாம் கிளையின் வரலாறு நம் பக்கத்தது. சோளிங்கரும் ஆம்பூரும் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகச் சென்று உழைத்த இடம் கோலார் தங்கச் சுரங்கம். அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் சேர்ந்து, நம் வளிமண்டலத்தில் அண்டக்கதிர் மோதிப் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தை 1965இல் பதிவு செய்தனர். ஏனைய துகள்களை வடிகட்டியது மேலிருந்த பாறை. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் இத்தடம் கிட்டியது.

நம் தலைக்கு மேல் நிகழும் அதே மோதல் விண்மீன் எச்சங்களிலும் நிகழ்வதற்கான சான்று 2013இல் வந்தது. ஐசி 443, டபிள்யூ 44 என்னும் இரு எச்சங்களின் காமாக் கதிர், சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே செங்குத்தாகச் சரிவதை ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி கண்டது. அச்சரிவு பயானின் கையொப்பம். தாய் புரோட்டானே என்று அவ்விரண்டின் வழக்கு முடிந்தது. எல்லா எச்சங்களுக்கும் இத்தீர்ப்பு பொருந்தாது. சிலவற்றில் எலெக்ட்ரானின் பங்கு குறித்த விவாதம் தொடர்கிறது.

கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஆய்வுத்தாள்கள் அறிஞர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. ஆனால், அவ்வாழத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தவர்கள் தங்கம் தேடி இறக்கப்பட்ட தொழிலாளர்கள். மூலம் தேடும் அறிவியலின் வரலாறு, தன் மூலத்தில் அவர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும்.