குறி சொன்னவர்களும் காது கொடுத்தவர்களும்

கோடாங்கி முன்னால் போய் உட்கார்ந்தவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வந்த காரியத்தை இவர் சொல்லாமலேயே அவர் சொல்லிவிட வேண்டும். அதுதான் அவருடைய திறமைக்குச் சோதனை. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று நீளும் இந்த வானம் பார்த்த பூமியில், தூக்கம் கெட்டுத் திரிந்தவனையும், பிள்ளை பெற்றபின் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவளையும் அங்கேதான் கூட்டிப்போனார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் தீர்ப்பு வரும்: செய்வினை, முனி அடித்தது, குலசாமிக்கு மறந்துபோன நேர்த்திக்கடன். அதைக் கேட்க வீடே சுற்றி நிற்கும். பக்கத்து வீடும்தான்.

இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. "உன் மேல தப்பில்ல தாயி, வேற எதுவோ பிடிச்சிருக்கு" என்ற ஒரு வார்த்தை எத்தனையோ பெண்களைப் பழியிலிருந்து காப்பாற்றியிருக்கும். ஆனால் என்ன நடந்தது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் கட்டிய ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. சென்னையின் முதல் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. கம்பெனியின் டாக்டர் வாலன்டைன் கோனலி அதைத் தனியார் தொழிலாகவே நடத்தினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பது தமிழில் வசவாகவே ஆகிப்போச்சு. 1961இல் அங்கே கண்காணிப்பாளரான சாரதா மேனன் போன்றவர்கள் அந்த மதிலைத் தாண்டி யோசித்தார்கள். 1984இல் அவர் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். ஆனால் அந்தக் காற்று நம்ம பக்கம் வர நாளானது.

நரிக்குடிக்குத் தென்கிழக்கே, கடற்கரையில் ஏர்வாடி. தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் நோயாளிகளை அழைத்து வருவார்கள். சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படியொரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் பெயரில் 25 பேர் என்று இருக்கிறது. கடைசியில் இறந்தவர்கள் 28 பேர். நோயாளிக்கும் சொல்ல ஏதோ இருக்கும் என்று யாருமே நினைக்காதபோது, சங்கிலி கொடுமையாகக்கூடத் தெரியாது. பாதுகாப்பாகத்தான் தெரியும்.

நோயாளியைப் பேச விடும் பழக்கத்துக்குப் பெயர் வைத்ததே ஒரு நோயாளிதான். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் ஜோசப் ப்ராயர் என்ற டாக்டர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணைப் பார்த்துவந்தார். மனதில் கிடந்ததைப் பேசப் பேச அவளுக்குப் பாரம் குறைந்தது. அதை அவளே "பேச்சு வைத்தியம்" என்றாள். விளையாட்டாக "புகைக்கூண்டு துடைப்பது" என்றும் சொன்னாள். ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வுக்கு இதுவே முதல் படி. 1922இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பெர்த்தா அதோடு குணமாகிவிடவில்லை. அதன்பிறகும் சானடோரியங்களில் இருந்தார். பின்னாளில் ஜெர்மனியில் பெண்ணுரிமைத் தலைவராக எழுந்தார். பேச்சு மந்திரம் அல்ல, நாள் பிடிக்கும்.

இன்று நரிக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி, தனியார் ஆலோசனை மையம் ஒன்றுக்கு முதல்முறை போகிறவர் திகைப்பது இந்த வரலாற்றின் முன்னால்தான். முதலில் ஒரு படிவம்: தூக்கம், பசி, சாப்பிடும் மாத்திரை, வீட்டு விவரம். பிறகு, கூட வந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்வார்கள். அம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும். "எம்புள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா?" கோடாங்கியிடம் ஊரே கேட்டதை இங்கே ஒருவர் மட்டும் கேட்கப்போகிறார். அந்த ரகசியத்துக்கு 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் காவல் இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்வதும் அதே சட்டம்தான். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகளில் ரகசியம் தளரும். இதை நல்ல ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

உள்ளே போனதும் "நீங்க சொல்லுங்க" என்பார். முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அழுகை வரலாம், பேச்சே வராமலும் போகலாம். இரண்டும் அங்கே சகஜம். முதல் நாளே தீர்ப்பு கிடைக்காது. "காசு வாங்கிட்டு ஒண்ணுமே சொல்லலையே" என்று திரும்பும் வழியில் தோன்றும். சரிப்பட்டு வராவிட்டால் ஆலோசகரை மாற்றிக்கொள்ளலாம், அதில் துரோகம் ஏதுமில்லை. என்ன படித்தார் என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இருக்க வேண்டும். மாத்திரை தேவைப்பட்டால் அதை எழுத வேண்டியவர் மனநல மருத்துவர்.

கட்டணத்தைப் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு அமர்வின் காசு பல நாள் சம்பளம். அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மதுரை, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அங்கேயும் குறி சொல்ல மாட்டார்கள். கேட்பார்கள்.