இரண்டு கைலாசநாதர், நடுவில் ஒரு விருபாட்சர்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் பகுதி இந்தியக் கலை, பண்பாடு. கைடு புத்தகங்களில் அது வெறும் பட்டியல். காஞ்சி கைலாசநாதர் கோயில், பல்லவர். பட்டடக்கல் விருபாட்சர் கோயில், சாளுக்கியர். எல்லோரா கைலாசநாதர் கோயில், ராஷ்டிரகூடர். மனப்பாடம் செய்த மறுநாளே எது யாருடையது என்று குழம்பிவிடும், அதுவும் இரண்டு கைலாசநாதர் இருக்கும்போது!

உண்மையில் மூன்றும் ஒரே கதை. அது பகையில் ஆரம்பிக்கிறது. கி.பி. 642-ல் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். (சிவகாமியின் சபதம் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.) அந்தக் காயம் சுமார் நூறு வருடம் ஆறவில்லை. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்ரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தான். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் அப்போது புதுசு. பழிதீர்க்க வந்தவன் அதை இடித்திருக்கலாம், குறைந்தபட்சம் சுரண்டியாவது இருக்கலாம். அவனோ கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் அங்கேயே தூணில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். அந்தக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. படையெடுப்பு என்றாலே கொள்ளை என்று படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும்.

காஞ்சி வெற்றியின் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பியதுதான் விருபாட்சர் கோயில். வென்றவர்களின் நினைவுச் சின்னத்தில் தோற்றவர்களின் கோயில் சாயல்! திராவிட விமானம் சாளுக்கிய நாட்டுக்குப் புதிதல்ல, பாதாமியிலேயே உண்டு. ஆனால் மதிலை ஒட்டி வரிசையாகச் சிறு சன்னதிகள் வைத்திருக்கும் விதத்தில் காஞ்சி நன்றாகவே தெரிகிறது. தலைமைச் சிற்பி குண்டனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ராஜாக்கள் பெயரை மட்டும் கேட்கும் வினாத்தாள்கள் இவனையும் ஒருமுறை கேட்கலாம்.

பிறகு சாளுக்கியரை ராஷ்டிரகூடர் வீழ்த்தினார்கள். முதலாம் கிருஷ்ணன் (756-773) காலத்தில் எல்லோராவில் மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கினார்கள். தப்பாக வெட்டிய பாறையை ஒட்டவைக்க முடியாத வேலை. வாசல், தனி நந்தி மண்டபம், பிறகு கோயில் என்று நீளும் அமைப்பு அப்படியே விருபாட்சர் கோயிலை நினைவுபடுத்தும்.

இன்னொரு விஷயம். பட்டடக்கல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 'வேசரம்' என்று டிக் அடிக்கக் கூடாது. விருபாட்சர் கோயில் திராவிட பாணி. அதே வளாகத்தில் இருக்கும் காசி விஸ்வநாதர், கலகநாதர் கோயில்கள் நாகர பாணி.