கிள்ளான் சேறும் கடலியற் கல்வியும்

கடலைப் பற்றிய கல்வி கடற்கரையிலேதான் பிறக்கும் என்று எண்ணுவது இயல்பு. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு இதனை முற்றும் ஒப்புவதாக இல்லை. ஈயக் குட்டைகளும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ இருந்த சுங்கை வே ஓர் உள்நாட்டு ஊர். அலையோசை அங்கே கேட்பதில்லை. அதற்கு அண்மையில், லெம்பா பந்தாயில், மலாயாப் பல்கலைக் கழகம் அமைந்தது. 'பந்தாய்' என்பது மலாய் மொழியிற் கடற்கரையைக் குறிக்கும் சொல். பெயரிலே கடற்கரையையும் அருகே சேற்றாற்றையும் உடைய அவ்விடத்தில், கடலியல் விலங்கியலுக்கு ஒரு துணைப்பாடமாகவே புகுந்தது.

துணைப்பாடம் என்பதனால் அதனைத் தாழ்வாக எண்ண வேண்டுவதில்லை. உலகெங்கும் இக்கல்வி வேறு துறைகளின் நிழலிலேயே வளர்ந்தது. 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பலில் ஆய்வு நடத்தியோர் இயற்கை நூலாரும் வேதியியலாருமே. மன்னார் வளைகுடாவின் உயிரினங்களை அறிவதற்கு ஹெர்ட்மனும் ஹார்னெலும் 1902இல் இலங்கைக்கு வந்தது முத்துச்சிப்பியின் பொருட்டு. அறிவு வாணிகத்தின் பின்னே நடந்தது என்றும் சொல்லலாம். தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்து விலங்கியற் பேராசிரியர் ஆர். வி. சேஷையா வெள்ளாற்று முகத்துவாரத்திலே பரங்கிப்பேட்டை நிலையத்தை உருவாக்கினார். அது 1963இல் கடல் உயிரியல் உயராய்வு மையமாக ஏற்கப்பெற்றது. அங்கும் வித்து விலங்கியலே.

கிள்ளானில் வித்திட்டவர் விலங்கியலார்கூட அல்லர். ஒரு வன அதிகாரி. ஜே. ஜி. வாட்சன் 1928இல் மலாய்த் தீபகற்பத்தின் கண்டற் காடுகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அரசாங்கத்துக்கு வேண்டியது விறகும் கரியுமே. ஆயினும் எந்த மரம் எங்கே வளரும் என்று அறிய முற்பட்ட வாட்சன், மரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் ஓதத்தை எண்ணத் தொடங்கினார். எல்லா ஏற்றங்களிலும் மூழ்கும் நிலம் திங்களுக்கு 56 முதல் 62 முறை நனையும். முழுமதி, மறைமதி நாட்களை ஒட்டிய பேரோதத்தில் மட்டும் மூழ்கும் நிலம் 2 முதல் 20 முறை நனையும். பகலும் இரவும் ஒத்த காலத்து மிகப் பெரிய ஓதம் மட்டுமே எட்டும் நிலம் இரண்டு முறைக்கு மேல் நனையாது. இவ்வாறு ஐந்து வகை கண்டு, ஒவ்வொன்றிலும் நிற்கும் மரங்களைப் பிரித்தார். இக்கணக்கிற்கு அளவையிடமாக இருந்தது போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கும் ஊர்.

மரத்தின் வரிசையைக் கண்டபின் உயிர்களின் வரிசையைத் தேடுவது எளிதாயிற்று. மலாயாப் பல்கலைக் கழகத்து விலங்கியலார் ஏ. ஜே. பெரி கண்டற் சதுப்பின் உயிரினங்கள் ஓத உயரத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக வாழ்வதை 1963இல் விரித்துரைத்தார். அவருக்குப் பின்வந்த ஏ. சசேகுமார் நண்டுகளையும் நத்தைகளையும் அதே முறையில் ஆராய்ந்து 1974இல் எழுதினார். வி. சி. சோங், சசேகுமார் முதலியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு, சிலாங்கூர்க் கண்டற் கழிகளில் இளமீன்களும் இறால்களும் தங்கி வளர்வதை எடுத்துக்காட்டிற்று. விறகுக்காக அளந்த சேறு மீனவனின் வாழ்வுக்குச் சான்றாக மாறியது இங்கேதான்; வரலாற்றில் இத்தகைய திருப்பம் அரிது.

கடலியல் தனிப் பட்டப் படிப்பாக உயர்ந்ததும், குவாலா திரெங்கானுவில் 1979இல் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் மீன்வள, கடலியல் மையம் தொடங்கியதும் பிற்கால நிகழ்ச்சிகள். அவற்றை விரிக்கின் பெருகும்.

தமிழாசிரியர்க்கு இதிலே தனிச் செய்தி ஒன்று உண்டு. மலாய் மக்கள் 'பாக்காவ்' எனும் மரத்துக்கு இனமான கண்டலும், அது நிற்கும் கழியும், அதனை நனைக்கும் ஓதமும் நெய்தற் பாடல்களிற் பயின்ற சொற்கள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் இதே கோலாலம்பூரில், இதே பல்கலைக் கழகச் சூழலில். மொழியறிஞர் ஓரிடத்தும் சேற்றறிஞர் ஓரிடத்தும் பணியாற்றினர். சொல் ஒருவரிடமும் பொருள் மற்றவரிடமும் நின்றன. நெய்தலைக் கற்பிக்கும் ஆசிரியர் கிள்ளான் கரைக்கு மாணவரை அழைத்துச் சென்றால், உரையாசிரியர் விளக்கம் தேட வேண்டிய பல இடங்கள் கண்முன்னே தெளிவுபடும்.

ஆனால் காணத்தக்க கரை குறுகி வருகிறது. லூமுட் தீவு இண்டா தீவாகப் பெயர் மாறி, 1990களில் மேற்குத் துறைமுகம் எழுந்தபோது, கண்டல் நின்ற நிலங்கள் பல சரக்குப் பெட்டிகள் அடுக்கும் தளங்களாயின. துறைமுகம் நாட்டுக்கு வேண்டாதது என்று எவரும் சொல்லார். வாட்சன் எண்ணிய ஓதம் எட்டும் இடங்கள் எவை என்று கேட்டபின் நிரப்பியிருக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். அவருடைய ஐந்து வகைக் கணக்கு பயன் இழக்கவில்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வியட்நாமின் கான் ஜோ கண்டற் காட்டின் நீர்நிலையை வகுக்க அதனையே எடுத்து, மூழ்கும் முறையோடு மூழ்கியிருக்கும் நேரத்தையும் சேர்த்துத் திருத்திக்கொண்டது.